சித்திரைக்குப் பூ கிடையாது

எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "முடியாது" என்ற சொல்தான். பிறகு அந்த வேலையைச் செய்தாலும் செய்வார், செய்யாமலும் போவார். ஆனால் "முடியாது" முதலில் வந்தாக வேண்டும். எங்கள் நகரில் பதினாறு வீடுகளின் முன்வாசல் செடிகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வீட்டிலும் அந்தச் சொல்லை வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

தஞ்சாவூருக்கு வெளியே, புது ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில், நெல் வயல்களை மனைகளாக்கிக் கட்டிய நகர் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள். என் கணவர் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். நான் பெண்கள் பள்ளியொன்றில் தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டு, அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தேன். நாலு வீடுகள் கிரகப்பிரவேசம் முடிந்த நாளிலிருந்து பூட்டியே கிடந்தன. பூட்டிய வீட்டு வாசலிலும் செடி வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். ஆள் இருப்பது போலத் தெரிய வேண்டுமாம்.

அந்தச் செடிக்கார அம்மாள் வாய்க்காலுக்கு அக்கரைத் தெருவிலிருந்து வருவார். நாங்கள் மனை வாங்குவதற்கு முன்னால் இருபது வருஷம் இதே வயல்களில் நாற்று நட்டவர், களை எடுத்தவர். வயல் போன பிறகு, அதன் மேல் எழும்பிய வீடுகளின் வாசலுக்கு வேலைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, அதன் பையில் விதைப் பொட்டலங்கள், கையில் களைக்கொட்டு. ஊரே என்னை டீச்சரம்மா என்றபோது, அவர் டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொண்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆரம்பத்தில் எனக்கு அது உறுத்தியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கார் தெருவில்தான் வெயில் மழையில் நிற்கிறது. இவ்வளவு பெரிய முன்வாசலை வைத்துக்கொண்டு காரைத் தெருவில் நிறுத்துகிறீர்களே என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கு எஜமானர் என்று ஒருவர் உண்டென்றால் அது மாதம். ஆடி பிறந்தால் அவரை, பூசணி, வெண்டை. ஆவணியில் கத்தரி, மிளகாய் நாற்று. புரட்டாசியில் தொட்டிகளில் செவ்வந்திக் கன்று. ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டிகளையெல்லாம் செங்கல் மேல் ஏற்றிவிடுவார். கார்த்திகையில் டிசம்பர் பூவும் கனகாம்பரமும் பூக்கத் தொடங்கும். தை கழிந்ததும் கீரையும் கொத்தவரையும். பங்குனி கடைசியில் வந்து, காய் தொங்கிக்கொண்டிருக்கும் கத்தரிச் செடியைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். தொட்டி மண்ணைக் கொட்டி, நடைபாதையில் பரப்பி வெயிலில் காயவிடுவார். அதன் பிறகு ஆடி வரும்வரை அவர் கையால் ஒரு விதை மண்ணில் விழாது. மதிலோரம் நின்ற மல்லிப் புதர் மட்டும் அதன் இடத்தில் இருக்கும். அதையும் தை மாதம் மொட்டையடித்திருப்பார்.

"காய்ச்சுக்கிட்டு இருக்குற செடிங்க இது. ஏங்க புடுங்குறீங்க?" என்று முதல் வருஷம் பதறினேன்.

"காய்க்கும் டீச்சர். விட்டா செத்துப் போற வரைக்கும் காய்ச்சுக்கிட்டேதான் இருக்கும். மண்ணுக்கு மூச்சு வாங்க வேணாமா?"

நான் வகுப்பில் மண்வளம் பற்றி இரண்டு பாடவேளை நடத்துகிறவள். பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து காய்களைப் பறித்து முறத்தில் போட்டுக்கொண்டேன்.

டப்பா விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த டப்பாக்களை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். பால் பவுடர் தீர்ந்த டப்பா, பிஸ்கட் தீர்ந்த டப்பா எல்லாம் ஹால் அலமாரியில் வரிசையாக நிற்கும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நிற்கும். என் வீட்டிலும் பதினொன்று நின்றன. ஒரு புரட்டாசியில் தொட்டி போதவில்லை என்றார். புதுத்தொட்டி வாங்கலாம் என்றேன். முடியாது என்று சொல்லிவிட்டு நேரே ஹாலுக்குள் போனார். டப்பாக்களை இரண்டு கையிலும் அடுக்கி எடுத்துவந்து, வாசலில் கவிழ்த்து வைத்து, ஆணியும் சுத்தியலுமாக அடியில் ஓட்டை போட ஆரம்பித்தார். பூப்போட்ட பெரிய பிஸ்கட் டப்பா ஒன்று எனக்கு உயிர். அதை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு மூடி?" என்று கேட்டுக்கொண்டே ஆணியை இறக்கினார்.

அந்த மார்கழியில் பதினொரு டப்பாவிலும் மஞ்சள் செவ்வந்தி பூத்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தம் வீட்டு அலமாரி டப்பாக்களைப் பூட்டி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நகர் நலச் சங்கத் தலைவருக்கும் அவருக்கும் ஒரு நாள் நடந்தது ஊரறிந்தது. தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே அளவு தொட்டியில் ஒரே மாதிரி குரோட்டன்ஸ் வைத்தால் நகருக்கே ஒரு தோரணை வரும் என்று அவர் முடிவு செய்தார். எங்களை எல்லாம் கூட்டிவைத்து அதை அறிவித்தார். நாங்கள் தலையாட்டினோம். ஓரமாக நின்றவரிடம், "உனக்கும்தான் வேலை மிச்சம். வருஷம் பூரா அப்படியே இருக்கும், மாத்த வேண்டியதே இல்ல" என்றார்.

"முடியாதுங்க."

"என்ன முடியாது?"

"வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்குறதுக்கு நான் எதுக்கு? பிளாஸ்டிக்குல வாங்கி வெச்சுக்குங்க."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லா வீட்டிலும் சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்றார்.

"சொல்லுங்க. அப்படியே எந்த வீட்டு மண்ணு எந்தப் பக்கம் சாயுது, மழையில எங்க தண்ணி நிக்கும்னும் நீங்களே சொல்லிடுங்க. உங்க வீட்டு பூஜ ரூம் இருக்குற எடம் நாத்தங்காலு. நாங்க முழங்கால் தண்ணியில நின்னு நாத்துப் பறிச்ச எடம். ஐப்பசிக்கு அங்க ஊறும், பாத்துக்குங்க."

யாரும் அவரை நிறுத்தவில்லை. குரோட்டன்ஸும் வரவில்லை. தலைவர் வீட்டில் ஐப்பசிக்கு ஊறியதா என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அவர் எப்போதும் சண்டைக்கு நிற்கிறவர் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. ஒரே ஒருமுறை, கேட்ட உடனே சரி என்று சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சைப்பசேல் என்று வயல் போல ஏதாவது வேண்டும் என்று கேட்டேன். முடியாது என்பாரென்று தயாராக இருந்தேன். "அதுக்கென்ன, நெல்லு போட்டுத் தரேன்" என்றார். பன்னிரண்டு நாள் முன்னால் நாலு தட்டுகளில் மண்ணைப் பரப்பி, ஊறவைத்து முளைகட்டிய விதைநெல்லைத் தூவினார். கிறிஸ்துமஸ் அன்று குடிலைச் சுற்றி விரல் உயரத்துக்கு நாற்று நின்றது. திருநாள் முடிந்து நான் தட்டுகளைக் குப்பையில் கொட்டப் போனபோது வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே கொண்டுபோய் நட்டார் என்று தெரியாது. கேட்டதற்கு, "நடாம விட முடியுமா?" என்று மட்டும் சொன்னார்.

அந்த நெல்லுக்கு முந்தின வருஷம் புல் விவகாரம் நடந்தது. கணவர் தன் கம்பெனி விருந்தினர் விடுதியின் முன்னால் நின்று எடுத்த புகைப்படத்தை அனுப்பியிருந்தார். பின்னால் பச்சைக் கம்பளம் போலப் புல்தரை. நம் வீட்டு முன்னாலும் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கொரியன் புல் என்றார்கள். சதுரம் சதுரமாக வெட்டி விற்றார்கள். அவரிடம் பதிக்கச் சொன்னேன்.

"புல்லையா? நடணுமா? முடியாது டீச்சர். சின்ன வயசுலேருந்து புல்லப் புடுங்கித்தான் கூலி வாங்கியிருக்கேன்."

நர்சரி ஆளைக் கூப்பிட்டுப் பதித்தேன். குத்தாலத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஒரு வாரம் போக வேண்டியிருந்தது. வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் புல்தரை இருந்த இடத்தில் கொத்திவிட்ட மண். மதிலோரம், களை எடுக்கிறவர்கள் வரப்பில் போடுவது போல, வேர் மேலே பார்க்கக் குவியல் குவியலாகப் புல்.

"களை எடுத்தாச்சு டீச்சர்" என்றார், நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள்.

"அது களை இல்லைங்க. காசு குடுத்து வாங்கினது!"

"எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு வாரமா தெனம் வந்து பாத்தேன். கை நிக்கல."

அவர் தெரிந்தே செய்தாரா, இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போனதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்று கணவருக்கு எழுதினேன். உண்மையை எழுதும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. கணவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தியே பேச மாட்டார். ஆனால் வீட்டின் ஒவ்வொரு அங்குலமும் அவர் மஸ்கட்டில் உட்கார்ந்து வரைந்தது. ஜன்னல் எங்கே, அடுப்பு எந்தப் பக்கம், சுவருக்கு என்ன நிறம், எல்லாம் தபாலில் வரும். நான் "சரிங்க" என்பேன். அவர் வரையாமல் விட்ட இடம் அந்த முன்வாசல் மண் ஒன்றுதான். அதனாலேயே அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடமும் அது ஒன்றுதான்.

அந்த மண்ணுக்கும் ஒரு நாள் வரைபடம் வந்தது. பங்குனி முடியும் சமயம். மே மாதம் மூன்று வார லீவில் வருவதாகக் கடிதம், கூடவே ஒரு தாள். வாயிற்கதவிலிருந்து வீட்டுப்படி வரை பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, "முழுவதும் சிமென்ட் தளம், கார் நிறுத்த" என்று எழுதியிருந்தார். விதவிதமாகக் கார்கள் வர ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. தெருவில் ஏற்கெனவே மூன்று வீட்டு வாசலில் மண் மறைந்துவிட்டது. மல்லிப் புதர் இருந்த மூலையிலும் கோடு போயிருந்தது. தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. கணவர் வந்து இறங்கும்போது வாசல் முழுக்கப் பூவாக இருந்தால், பார்த்த மாத்திரத்தில் மனசு மாறிவிடுவார் இல்லையா? செடிக்கார அம்மாளிடம் கேட்டேன்.

"முடியாது டீச்சர்."

"ஒரு தடவதாங்க. எனக்காக."

"சித்திரைக்குப் பூ கிடையாது. மல்லி பூக்கும். அது போதும்."

"அது ஒரு ஓரத்துல வெள்ளையா இருக்கு. எனக்குக் கலர் கலரா வேணும்."

"கலருக்குச் சொவத்துல பெயின்ட் அடிங்க."

"இந்த மண்ணே போயிடும்ங்க! புரியுதா உங்களுக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கம் போலச் செடிகளைப் பிடுங்கினார். தொட்டி மண்ணைக் கொட்டி நடைபாதையில் பரப்பினார். பங்குனி வெயிலில் வாசல் மொட்டையாகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவர் வருவதற்கு முந்தின நாள் நர்சரிக்குப் போனேன். பெங்களூர் லாரியில் வந்த ரோஜா, டேலியா, கேந்தி, எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் பூத்துக் குலுங்கிக்கொண்டு நின்றன. இந்த வெயிலில் பையைக் கிழித்து நட்டால் பிழைக்காது என்றான் கடைக்காரன். "பையோட பொதச்சிடுங்க மேடம். மூணு வாரம் தாங்கும்." முப்பது செடி வாங்கினேன். தாவரவியல் ஆசிரியை, நாற்பது வயதை நெருங்குகிறவள், மத்தியான வெயிலில் குழி தோண்டி, பையோடு செடியை இறக்கி, பிளாஸ்டிக் விளிம்பு தெரியாமல் மண்ணை இழுத்து மூடினேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாயிற்கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன்.

கணவர் டாக்ஸியிலிருந்து இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். "மே மாசத்துல இவ்வளவு பூவா!" என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. காலையில் காபி டம்ளரோடு வெறுங்காலில் செடிகளுக்கு நடுவே நடப்பார். நாலாம் நாள் அவராகவே, "ஏம்மா, பாதி மட்டும் சிமென்ட் போட்டா போதுமா?" என்று கேட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை, காயவைத்த மண்ணைப் புரட்டிவிடச் செடிக்கார அம்மாள் வந்தார். அதை நான் மறந்தே போயிருந்தேன். கணவர் காபியோடு நின்றுகொண்டிருந்தார். அம்மாள் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். முதல் ரோஜாவின் அருகில் குந்தி உட்கார்ந்தார். தண்டைப் பிடித்து லேசாக இழுத்தார். பையோடு வந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது?"

நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். புரியாமல் இல்லை. பார்த்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார். பிறகு அதற்கடுத்தது. முப்பதையும் பிடுங்கி, கறுப்புப் பைகளோடு மதிலோரம் வரிசையாக வைத்தார். கடைசிப் பையை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "இதுல ஒண்ணுகூட இந்த மண்ணத் தொடல சார்" என்றார்.

கணவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாட்டனி டீச்சர்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் வரை அவ்வப்போது சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும், "முழுசாவே போட்டுடலாம்மா, பாதியில நின்னா நல்லா இருக்காது" என்றார். நான் "சரிங்க" என்றேன்.

அன்று நான் வெறுத்தது கணவரை அல்ல, செடிக்கார அம்மாளை. காலையில் பைகளை வைத்துவிட்டுக் கிளம்பியபோதே வாயிற்கதவு வரை துரத்திப் போய், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்று கத்தினேன். தெருவே பார்த்தது.

"முடியாது டீச்சர். மண்ணுல எருவக் கலந்து வெச்சிருக்கேன். ஆடிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வயல் போனதிலிருந்து அம்மாவை அங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்கரைத் தெருவே பாதி அங்கேதான் போயிருந்தது. உட்கார்ந்த இடத்தில் பனியனில் பிசிறு வெட்டும் வேலை, நிழல், வாரக்கூலி என்று அவன் ஆசை காட்டுவதை என்னிடம் ஒருநாள் சொன்னார். போகலாமே என்றேன். "பிசிறு வெட்ட ஐப்பசி எது, ஆடி எது? போனா எல்லா நாளும் ஒரே நாளாயிடும்" என்றார். கடைசியில் நாலைந்து வருஷம் கழித்து, முழங்கால் மடக்க முடியாமல் போனபோது, போகத்தான் போனார். பதினாறு வீட்டுச் செடிகளையும் பிடுங்கி, மண்ணைக் காயப்போட்டுவிட்டு, ஒரு சித்திரையில் போனார். பாதிப் பருவத்தில் அவர் எதையும் விட்டுப் போனதில்லை.

ஆனால் அந்த வருஷத்து ஆடியைச் சொல்ல வேண்டும்.

கணவர் மஸ்கட் திரும்புவதற்கு முன்னால் ஜல்லிக்கும் மணலுக்கும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனி கடைசியில் லாரி வந்து, முன்வாசல் முழுக்க ஜல்லியைக் கொட்டியது. மல்லிப் புதர் பாதி உயரம் புதைந்துவிட்டது. திங்கட்கிழமை கொத்தனார் வர வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. கணவருக்கு வெள்ளிதான் விடுமுறை என்பதால், வாராவாரம் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, செடிக்கார அம்மாள் மல்லிப் புதரைச் சுற்றி ஜல்லியைக் கையால் அள்ளி இரும்புச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் விதைப் பொட்டலம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. ஆடி பிறந்திருந்தது.

"உங்கள வர வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

"சொன்னீங்க."

"திங்கக்கெழம கொத்தனார் வர்றாரு."

"வரட்டும்."

சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தெருவோரம் கொட்டிவிட்டு வந்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக உள்ளேயே கிடந்தது வெளியே வந்தது.

"அன்னைக்கி ஏன் அப்படிப் பண்ணீங்க? அவரு மனசு மாறிட்டாரு. பாதியாவது மிஞ்சியிருக்கும்."

"பொய்யக் காட்டி மிஞ்சுன பாதிய வெச்சு என்ன பண்ணுவீங்க? தெனம் பூ வாங்கியாந்து பொதைப்பீங்களா?" சட்டியைக் கீழே வைத்தார். "மண்ணு வேணும்னா வேணும்னு சொல்லணும். அதுக்கு எதுக்குப் பூவு?"

"சொன்னா மட்டும் கேட்டுடுவாரா?"

"கேக்க மாட்டாரு. இந்த வயல மனை போட அளக்க வந்தாங்க பாருங்க, அன்னைக்கி நான் வரப்புல நின்னு முடியாதுன்னேன். கதிரு விட்ட பயிரு, அறுக்காம உள்ள எறங்காதீங்கன்னேன். மொத்தம் ரெண்டு வேலி நெலம். எனக்கு அதுல ஒரு அடி கெடையாது. கூலிக்காரி உனக்கென்னன்னு சிரிச்சாங்க. அளந்துட்டுத்தான் போனாங்க. ஆனா சொன்னேன் டீச்சர். நீங்க ஒரு தடவ சொல்லியிருக்கீங்களா?"

எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு பேசியது அன்று ஒரு நாள்தான். அந்தப் பயிர் நின்ற இடத்தில்தான் என் வீடு நிற்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மறுபடியும் குனிந்து அள்ள ஆரம்பித்தார். உள்ளே போன் மணி அடித்தது.

"கொத்தனார் வந்தாரா?" என்றார் கணவர்.

"திங்கக்கெழம."

"சரி. காலையிலயே தண்ணி தெளிச்சு வெக்கச் சொல்லு. அந்த மல்லிய வேரோட எடுத்துடச் சொல்லு."

நான் எப்போதும் சொல்கிற பதில் நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றது.

"முடியாதுங்க" என்றேன்.

"என்ன முடியாது?"

"சிமென்ட் போட முடியாது. ஜல்லிய அள்ளித் தெருவுல போட்டுக்கிட்டு இருக்கோம். ஆடி பொறந்திடுச்சு. அவரை விதை போடணும்."

ஒவ்வொரு நொடிக்கும் அங்கே பணம் ஓடும் என்பதால் கணவர் எப்போதும் அவசர அவசரமாகத்தான் பேசுவார். அன்று நிதானமாகக் கேட்டார்.

"அங்க இப்ப செடிகூட இல்லியேம்மா. வெறும் மண்ணுதானே?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

"வெறும் மண்ணுதான். அது எனக்கு வேணும்."

"அப்ப காரு?"

"தெருவுல நிக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வருமா, வந்தால் என்ன பேசுவார், எனக்குத் தெரியாது. ரிசீவரை வைத்தேன். சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மல்லிப் புதர் அடிவரை வெளியே வந்திருந்தது. அதைச் சுற்றி நாலடி அகலத்துக்கு மண் தெரிந்தது. ஜல்லியின் பாரத்தில் இறுகிப் போயிருந்ததைக் களைக்கொட்டால் கொத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார். "அந்தச் சட்டிய எடுங்க. இருட்டுறதுக்குள்ள அவரையப் போட்டுடணும்."